ஏற்றத்தில் பின்னால் உருளும் பைக்: பிடியை இறுக்கியும் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: ஒன்பது வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவள் நான். நான்கு மாதங்களுக்கு முன் 150 சிசி கியர் பைக்குக்கு மாறினேன். சமதளத்தில் நன்றாகவே ஓட்டுகிறேன். எங்கள் குடியிருப்பின் அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து மேலே வரும் சாய்தளத்தில் பாதியில் நிற்க நேர்ந்தால் மட்டும் கிளம்ப முடியவில்லை. போன வாரம் எட்டு வயது மகள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மேலே ஷட்டர் திறக்கும்வரை நின்று, கிளம்பும்போது இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டது. வண்டி பின்னால் உருண்டது. இரண்டு காலையும் ஊன்றிப் பார்த்தேன். இடக்கையால் பிடியை எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை. பின்னால் இருந்த காரின் பம்பரில் இடித்துத்தான் நின்றது. யாருக்கும் அடி இல்லை. "நல்லா ரேஸ் பண்ணிட்டு கிளட்சை விடு" என்கிறார் கணவர். அப்படிச் செய்தால் வண்டி பாய்கிறது. என் உயரத்துக்கு இரண்டு காலும் நுனிவிரலில்தான் தரையைத் தொடும். பழைய ஸ்கூட்டர் இன்னும் வீட்டில் இருக்கிறது, அவ்வப்போது அதையும் ஓட்டுகிறேன். பேசாமல் அதற்கே திரும்பிவிடட்டுமா சார்?

பதில்:

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "இடக்கையால் பிடியை எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை." நிற்காதுங்க. நீங்கள் இறுக்கியது கிளட்ச்.

ஸ்கூட்டரில் இடக்கைப் பிடி பின் சக்கரத்தின் பிரேக். ஒன்பது வருடமாக, பயம் வந்த ஒவ்வொரு முறையும் உங்கள் இடக்கை அதைத்தான் இறுக்கியிருக்கிறது, வண்டியும் நின்றிருக்கிறது. யோசித்துச் செய்கிற வேலை இல்லை அது. கை தானாகச் செய்துவிடும். கியர் பைக்கில் அதே இடத்தில், அதே வடிவத்தில் இருக்கிற பிடி, இன்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற தொடர்பைத் துண்டிக்கிறது. நீங்கள் இறுக்க இறுக்க வண்டி இன்னும் தாராளமாக உருளும்.

அன்று நடந்ததைக் கொஞ்சம் மெதுவாகப் பார்ப்போம். இன்ஜின் அணைந்தபோது வண்டி முதல் கியரில் இருந்தது. அந்த நேரத்தில் கிளட்சைத் தொடாமல் விட்டிருந்தால், அணைந்துபோன இன்ஜினே பின் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சக்கரம் சுற்ற வேண்டுமானால் சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர வேண்டும், பிஸ்டன் நகர வேண்டுமானால் உள்ளே இருக்கிற காற்றை அழுத்த வேண்டும். மிகவும் செங்குத்தான ஏற்றத்தைத் தவிர, பெரும்பாலான இடங்களில் வண்டியை நிறுத்திவைக்க அந்த எதிர்ப்பே போதும். நம்பிக்கை வரவில்லையென்றால் இன்றைக்கே சமதளத்தில் சோதித்துப் பாருங்கள். இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டுவிட்டு, கீழே இறங்கி நின்று வண்டியைப் பின்னால் தள்ளுங்கள். ஓரிரு அங்குலம் நகர்ந்து அப்படியே அடம்பிடிக்கும். இப்போது கிளட்சை இழுத்துக்கொண்டு தள்ளுங்கள். சைக்கிள் மாதிரி வந்துவிடும். சாய்தளத்தில் நீங்கள் பதறி இழுத்தபோது நடந்ததும் இதுதான். தானாகவே விழுந்திருந்த பூட்டை நீங்களே திறந்துவிட்டீர்கள்.

இதற்காக வெட்கப்பட வேண்டாம். நான் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்து இருபது வருடம் ஆகப்போகிறது. ஸ்கூட்டரிலிருந்து பைக்குக்கு வருகிறவர்களில் ஏற்றத்தில் தடுமாறுகிறவர்களிடம் இந்த இடக்கைப் பழக்கத்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவர்கள் எல்லோரும் "எனக்கு பேலன்ஸ் வரவில்லை", "எனக்குத் தைரியம் பத்தவில்லை" என்றுதான் வந்து சொல்வார்கள். பேலன்ஸெல்லாம் நன்றாகவே இருக்கும்.

இரண்டாவது விஷயம் உங்கள் கால்கள். ஸ்கூட்டரில் நின்றால் காலுக்கு வேறு வேலை கிடையாது, இரண்டையும் ஊன்றிக்கொள்ளலாம். பைக்கில் வலது காலுக்கு ஒரு வேலை இருக்கிறது. பின் பிரேக் பெடல் அங்கேதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இரண்டு காலாலும் வண்டியைத் தாங்கப் பார்த்தீர்கள். கணக்குப் போட்டால் அது ஏன் நடக்கவில்லை என்று தெரியும். 150 சிசி வண்டி ஏறக்குறைய 140 கிலோ. நீங்களும் மகளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 230. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிற சாய்தளத்தில் இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 23 கிலோ, உங்களைப் பின்னால் இழுக்கும். ஆறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று இன்னும் செங்குத்தாக இருந்தால் 38 கிலோவை நெருங்கிவிடும். பத்து நுனிவிரல்களை வைத்துக்கொண்டு, எண்ணெய்த் துளி சிந்திக் கிடக்கிற வழுவழுப்பான சிமென்ட் தரையில், இதை யாராலும் தாங்க முடியாது. நான்கடி உருண்டுவிட்டால் சேர்ந்துகொள்கிற வேகம் வேறு. பைக்கில் கால் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான். வண்டியை நிறுத்திவைப்பது பிரேக்கின் வேலை.

உயரத்தைப் பற்றிச் சொன்னீர்கள். இரண்டு நுனிவிரலைவிட ஒரு முழுப் பாதம் மேல். நிற்கும்போது சீட்டில் இடப்பக்கமாக இரண்டு அங்குலம் நகர்ந்து உட்காருங்கள். இடது பாதம் தட்டையாகப் பதியும், வலது கால் பெடலை விட்டு எழவே வேண்டியிருக்காது. வண்டி ஒரு சிறு கோணத்தில் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். அது சரிதான், அப்படித்தான் நிற்க வேண்டும். நிற்கப் போகும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். தரை இடப்பக்கம் பள்ளமாக இருந்தால், உயரமானவர்களுக்கே அங்கே கால் எட்டாது. இடது கால் விழுகிற இடம் மேடாக இருக்கிற மாதிரி, ஈரமும் மணலும் இல்லாத மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ஒரு நல்ல செய்தி. ஸ்கூட்டரில் ஏற்றத்தில் எப்படிக் கிளம்புவீர்கள்? இடக்கையால் பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஆக்சிலரேட்டரை மெல்ல முறுக்கி, இன்ஜின் இழுக்கிறது என்று தெரிந்ததும் இடக்கையை மெதுவாக விடுவீர்கள். பைக்கிலும் இடக்கை அதையேதான் செய்யப்போகிறது, மெதுவாக விடும். அந்தப் பக்குவம் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. மாறியிருப்பது ஒன்றுதான். ஸ்கூட்டரில் இடக்கையில் இருந்த பின் பிரேக், பைக்கில் வலது காலுக்கு இறங்கிவிட்டது. நீங்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தக் காலுக்குத்தான்.

கிளம்புவதைச் சொல்வதற்கு முன் நிற்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதித் தப்பு நிற்கும்போதே நடந்துவிடுகிறது. சாய்தளத்தில் ஏறும்போது, நிற்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தவுடன், வண்டி இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போதே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். நின்ற பிறகு கியரைத் தேடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கியர் போட இடது கால் வேண்டும். இடது காலைத் தூக்கினால் வண்டியைத் தாங்க வலது கால் கீழே இறங்க வேண்டும். வலது கால் இறங்கினால் பின் பிரேக் விட்டுப்போகும். ஏற்றத்தில் நின்றுகொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நடனமாடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். முதல் கியரிலேயே வந்து, கடைசி அடியில் கிளட்சை முழுக்க இழுத்து, வலது காலால் பெடலை அழுத்தி, இடது காலை ஊன்றினால் இந்தக் குழப்பமே கிடையாது. ஏற்றமே வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால் பிரேக்கும் பெரிதாகத் தேவைப்படாது. ஏதோ காரணத்தால் நியூட்ரலுக்கு வந்துவிட்டீர்கள் என்றால், முதலில் வலக்கையால் முன் பிரேக்கைப் பிடியுங்கள். அது பிடித்திருக்கும்போது வலது காலை ஊன்றி, கிளட்சை இழுத்து, இடது காலால் கியரைப் போட்டு, பழையபடி கால்களை மாற்றிக்கொண்ட பிறகு முன் பிரேக்கை விடுங்கள்.

இனி கிளம்புவது. வண்டி முதல் கியரில், கிளட்ச் முழுக்க உள்ளே, வலது கால் பின் பிரேக்கில், இடது கால் தரையில், ஹேண்டில்பார் நேராக. வலக்கை முன் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரை மட்டும் பிடித்திருக்கட்டும். இப்போது கொஞ்சம் முறுக்குங்கள். எவ்வளவு? இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர் இருந்தால் 2500-லிருந்து 3000-க்குள். சும்மா நிற்கும்போது இந்த மாதிரி வண்டிகள் 1400 வாக்கில் ஓடும், ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு. மீட்டரைப் பார்க்காமல் காதை வைத்துச் செய்தால் இன்னும் நல்லது. சத்தம் கூடி, ஒரே சீராக ஒரு இடத்தில் நிற்க வேண்டும். ஏறி இறங்கக் கூடாது. அந்தச் சத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இடக்கையை விடத் தொடங்குங்கள்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. கிளட்சுக்குள் உராய்வுத் தட்டுகளும் எஃகுத் தட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அவை இன்ஜின் எண்ணெயிலேயே ஊறிக்கிடக்கும். நீங்கள் பிடியை இழுக்கும்போது ஸ்பிரிங்கின் அழுத்தம் விலகி, தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். விடும்போது மெல்ல மெல்ல ஒன்றையொன்று கவ்வும். பிடி வந்து போகிற தூரம் முழுவதிலும் இந்தக் கவ்வல் நடப்பதில்லை. முதல் பாதியில் ஒன்றுமே நடக்காது. அப்புறம் ஒரு விரல் பருமன் தூரத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். மெக்கானிக்குகள் "கிளட்ச் கடிக்குது" என்பார்கள். மிகப் பொருத்தமான வார்த்தை. கடிக்கத் தொடங்கியதும் உங்களுக்கு இரண்டு அறிகுறிகள் கிடைக்கும். சீராக இருந்த இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கி அடர்த்தியாகும், கயிற்றில் கட்டிய மாடு கயிற்றை இழுத்துப் பார்ப்பதுபோல வண்டி முன்னால் திமிறும். பிரேக் பிடித்திருப்பதால் நகர முடியாமல் நிற்கும். அந்த இடத்தில் இடக்கையை நிறுத்திவிடுங்கள். முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்.

இப்போது ஏற்றத்தின் எடையை இன்ஜின் சுமந்துகொண்டிருக்கிறது. இதற்கு முன்பு வலது காலை எடுத்தால் வண்டி பின்னால் போகும். இதற்குப் பிறகு எடுத்தால் முன்னால்தான் போகும். காலை மெதுவாக, ஆனால் தயங்காமல் பெடலிலிருந்து தளர்த்துங்கள். வண்டி நகரும். நகர்ந்ததும் இடக்கையை முழுக்க விட்டுவிடத் தோன்றும், வேண்டாம். ஒரு வண்டி நீளம் போகும்வரை அந்தக் கடிக்கும் இடத்திலேயே வைத்திருந்து, அப்புறம் மீதியை விடுங்கள். இப்படி நகர்ந்த பிறகு இன்ஜின் அணைந்துபோவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "கிளம்பிட்டோம்" என்ற நிம்மதியில் இடக்கை டக்கென்று திறந்துவிடும்.

ஆக, முறுக்குவது முதலில், கிளட்ச் கடிப்பது அடுத்து, பிரேக்கை விடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். நீங்கள் இதுவரை செய்திருப்பது, உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால், முதலில் பிரேக்கை விட்டுவிட்டு, வண்டி உருளத் தொடங்குகிற அந்த அரை விநாடிக்குள் கிளட்சையும் ஆக்சிலரேட்டரையும் சமாளிக்க முயன்றது. அது யாருக்கும் கடினம்தான்.

உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வது முழுக்கத் தப்பில்லை. கொஞ்சம் கூடுதலாக முறுக்காமல் ஏற்றத்தில் கிளம்பினால் ஒற்றை சிலிண்டர் வண்டி அணைந்துபோகும். ஆனால் "கிளட்சை விடு" என்று சொன்னபோது தன் கை எவ்வளவு மெதுவாக விடுகிறது என்பது அவருக்கே தெரிந்திருக்காது. பல வருடம் ஓட்டியவர்களிடம் இருக்கிற சிக்கல் இது. கை செய்கிறது, வாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. நன்றாக முறுக்கிவிட்டு டக்கென்று விட்டால் வண்டி பாயத்தான் பாயும். அதோடு இன்னொன்றும் நடக்கும். வண்டி பாயும்போது உங்கள் உடம்பு பின்னால் போகும், பின்னால் போகிற உடம்பு ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்கும், அதில் வலது மணிக்கட்டு தானாக இன்னும் முறுக்கிவிடும். ஏற்றத்தில், பின்னால் ஒரு ஆளையும் வைத்துக்கொண்டு இப்படி நடந்தால் முன் சக்கரம் தூக்கிவிடும். இதைத் தவிர்க்க, ஆக்சிலரேட்டரைப் பிடிக்கும்போதே மணிக்கட்டைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடியுங்கள். அப்போது அதற்கு மேல் முறுக்க இடம் அதிகம் இருக்காது. உடம்பை முன்பக்கம் லேசாகச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் வண்டி முன்னால் பாய்ந்துவிட்டால்? அங்கே உங்கள் பழைய பழக்கம் காப்பாற்றும். இடக்கையை இறுக்குங்கள், இன்ஜினின் இழுப்பு அறுந்துவிடும், கூடவே வலது காலால் பிரேக்கை மிதியுங்கள். பின்னால் உருண்டால் இடக்கையை நம்பக் கூடாது, வலது காலை மட்டும் நம்புங்கள். இதை ஒரு வாரம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருங்கள்: முன்னால் பாய்ந்தால் இடக்கை, பின்னால் உருண்டால் வலக்கால்.

இன்ஜின் அணைந்துபோனால் என்ன செய்வது என்பதையும் தனியாகப் பழக வேண்டும், ஏனென்றால் அணையத்தான் போகிறது. எனக்கும் இன்றைக்கும் எப்போதாவது அணைகிறது. அணைந்ததும் முதல் வேலை வலது காலை அழுத்துவது. மற்ற எல்லாம் அப்புறம். கால் அழுந்திவிட்டது என்று உறுதியான பிறகு கிளட்சை இழுங்கள், செல்ஃப் பொத்தானை அழுத்துங்கள், மறுபடி முறுக்குவதிலிருந்து தொடங்குங்கள். கிளட்சை இழுத்தால் கியரிலேயே ஸ்டார்ட் ஆகும் வண்டிகள்தான் இன்று அதிகம். உங்கள் வண்டி நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆகும் வகையா என்று சமதளத்தில் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், சாய்தளத்தின் நடுவில் அதைக் கண்டுபிடிக்க வேண்டாம். பின்னால் ஹார்ன் அடிப்பவர் அடிக்கட்டும். பத்து விநாடிக்கு மேல் ஆகாது.

நானும் இதைக் கீழே விழுந்துதான் கற்றேன். பதினெட்டு வயது, அப்பாவின் வண்டி, ஒரு செங்குத்தான மேடு. அணைந்ததும் கிளட்சை இழுத்தேன், வண்டி பின்னால் போனது, பயத்தில் ஹேண்டில்பாரைத் திருப்பிக்கொண்டே முன் பிரேக்கை நெரித்தேன். பின்னால் உருளும்போது முன் சக்கரம் திரும்பியிருந்து பூட்டிக்கொண்டால் வண்டி எப்படிக் கவிழும் என்று அன்றைக்குத் தெரிந்தது. கிளட்ச் பிடியின் நுனியில் இருக்கிற குண்டு உடைந்துபோனது. அதை அப்பாவிடமிருந்து மறைக்க ஒரு வாரம் நான் பட்ட பாடு தனிக்கதை. ஹேண்டில்பார் நேராக இருக்க வேண்டும் என்று மேலே நான் சொன்னது போகிற போக்கில் சொன்னதில்லை.

இனி பயிற்சி. உங்கள் பார்க்கிங் சாய்தளத்துக்கு உடனே போகாதீர்கள். முதலில் சமதளத்தில், ஆக்சிலரேட்டரைத் தொடவே தொடாமல், கிளட்சை மட்டும் மிக மெதுவாக விட்டு வண்டியை நகர்த்துங்கள். நகர்ந்ததும் இழுங்கள், நிறுத்துங்கள், மறுபடி. இருபது முப்பது தடவை செய்தால் கடிக்கும் இடம் எங்கே என்று விரல்களுக்குத் தெரிந்துவிடும். அது வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் வண்டியில் எங்கே என்பதுதான் முக்கியம். அடுத்து, அதே சமதளத்தில் வலது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு, முறுக்கி, கிளட்சைக் கடிக்கும் இடம்வரை விட்டு, சத்தம் இறங்குவதைக் கேட்டுவிட்டு, கிளம்பாமலே கிளட்சைத் திரும்ப இழுங்கள். கிளம்பவே கூடாது. காதும் இடக்கையும் ஒன்றோடொன்று பேசிப் பழகுவதற்குத்தான் இது. ஒரேயடியாகச் செய்துகொண்டே இருக்காதீர்கள், தட்டுகள் சூடாகும். கருகல் வாசனை லேசாக வந்தாலும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கால்மணி நேரம் ஓய்வு கொடுங்கள்.

அப்புறம் ஒரு மிதமான ஏற்றம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். ஒரு காலி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மிதித்துப் பாதி நசுக்குங்கள், உருண்டு ஓடாமல் இருப்பதற்காக. வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி, யாரையாவது அதைப் பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல வைத்துவிட்டு ஓரமாக வந்துவிடச் சொல்லுங்கள். வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. இப்போது கிளம்புங்கள். ஒரு அங்குலம் பின்னால் போனாலும் பாட்டில் மொறுமொறுவென்று காட்டிக்கொடுத்துவிடும், நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. என்னிடம் கற்றுக்கொள்கிறவர்களுக்கு முதல் நாள் பாட்டில் கத்திக்கொண்டே இருக்கும். மூன்றாவது நாள் வாக்கில் அது சத்தமில்லாமல் கிடக்கும், அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். தொடர்ந்து பத்து தடவை சத்தம் வராமல் கிளம்பின பிறகு உங்கள் சாய்தளத்துக்குப் போங்கள், தனியாக. மகளை ஏற்றிக்கொள்வது அதற்கும் பிறகு.

மகளோடு போகும்போது இரண்டு விஷயங்கள் மாறும். எடை கூடுவதால் இன்னும் கொஞ்சம் முறுக்கி, இன்னும் மெதுவாக விட வேண்டும். அந்தக் கூடுதல் எடை பின் சக்கரத்தின் மேல் விழுவதால் முன்பக்கம் லேசாகிவிடும். குழந்தையை உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உங்கள் முதுகோடு ஒட்டி உட்காரச் சொல்லுங்கள். என்ன நடந்தாலும் காலைக் கீழே வைக்கக் கூடாது, ஃபுட்ரெஸ்டிலேயே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உதவி செய்வதாக நினைத்துக் குழந்தைகள் காலை ஊன்றுவார்கள். உருளும் வண்டியில் அது ஆபத்து.

இன்னொரு முறை இருக்கிறது, உங்களிடம் யாராவது சொல்லியும் இருப்பார்கள். முன் பிரேக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே, மீதி விரல்களால் ஆக்சிலரேட்டரை முறுக்கிக் கிளம்புவது. அனுபவமுள்ளவர்கள் சிலர் அப்படித்தான் கிளம்புகிறார்கள். வலது கால் தரையில் இருந்தாக வேண்டிய இடங்களில், உதாரணமாக இடப்பக்கம் பள்ளமாக இருந்தால், வேறு வழியும் இல்லை. ஆனால் ஒரே கையில் இறுக்குவதும் முறுக்குவதும், பிறகு ஒன்றைத் தளர்த்திக்கொண்டே மற்றொன்றைக் கூட்டுவதும் புதியவர்களுக்கு வராது. பிரேக்கை விடும்போது முறுக்கும் சேர்ந்து விட்டுப்போகும், அல்லது எகிறும். ஏற்றத்தைப் பார்த்து நிற்கிற வண்டியில் பெரும்பாலான எடை பின் சக்கரத்தில்தான் இருக்கும் என்பதால், மணலோ ஈரமோ இருந்தால் முன் சக்கரம் பூட்டியபடியே வழுக்கவும் செய்யும். நீங்கள் காலில் கற்றுக்கொள்ளுங்கள். கை வித்தையை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டியிலும் இரண்டு இடங்களைப் பாருங்கள். கிளட்ச் பிடியின் நுனியை விரலால் ஆட்டினால், கேபிள் இறுகுவதற்கு முன் கொஞ்சம் லூஸாக ஆட வேண்டும். 10 முதல் 15 மில்லிமீட்டர் பொதுவான அளவு, உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். அதற்கு மேல் ஆடினால் கடிக்கும் இடம் ஹேண்டில்பாருக்கு மிக அருகில் போய்விடும், விரல்கள் மடங்கிய நிலையில் நுணுக்கமாக விடவே முடியாது. ஆட்டமே இல்லையென்றால் கிளட்ச் முழுக்கக் கவ்வாமல் வழுக்கும், ஏற்றத்தில் சத்தம் மட்டும் வரும், இழுக்காது. அடுத்தது பின் பிரேக். லேசான ஏற்றத்தில் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, பெடலை மட்டும் மிதித்து நின்று பாருங்கள். சாதாரணமாக மிதித்தால் அசையாமல் நிற்க வேண்டும். முழு பலத்தோடு மிதித்தால்தான் நிற்கிறது என்றால் முதலில் மெக்கானிக்கிடம் போங்கள், இந்தப் பயிற்சியெல்லாம் அப்புறம். பெடல் உங்கள் பாதத்துக்கு ரொம்ப உயரமாக இருந்தாலும் சொல்லுங்கள், இறக்கி வைக்க முடியும். பல பேர் அதைக் கேட்பதே இல்லை.

உங்கள் பார்க்கிங்கைப் பொறுத்தவரை ஒரு சுலபமான வழியும் இருக்கிறது. ஷட்டர் திறக்க நேரமாகும் என்றால் சாய்தளத்தில் ஏறி நின்று காத்திருக்காமல், கீழே சமதளத்திலேயே நின்றுவிட்டு, முழுக்கத் திறந்த பிறகு ஒரே மூச்சில் ஏறுங்கள். முன்னால் கார் போனால் அது மேலே போய்ச் சேரும்வரை விடுங்கள், அதுவும் பின்னால் உருளக்கூடும். இதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். நான் இன்றும் முடிந்த இடத்திலெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். நெரிசலில் ஏற்றத்தில் நிற்கும்போதும் அரை கிளட்சில் வண்டியைத் தொங்கவிட்டு அங்குலம் அங்குலமாக நகராதீர்கள். பிரேக்கில் நின்று, இரண்டு வண்டி இடம் கிடைத்ததும் ஒரே தடவையாகப் போங்கள். கிளட்ச் பிளேட்டுக்கும் நல்லது, உங்கள் இடக்கைக்கும் நல்லது.

விலை உயர்ந்த பைக்குகளில் இதையெல்லாம் வண்டியே பார்த்துக்கொள்கிற வசதி வந்துவிட்டது. பிஎம்டபிள்யூ "ஹில் ஸ்டார்ட் கன்ட்ரோல்" என்கிறது, டுகாட்டி "வெஹிக்கிள் ஹோல்டு கன்ட்ரோல்" என்கிறது. ஏற்றத்தில் நிறுத்தி பிரேக்கை அழுத்திவிட்டால் வண்டியே அதைப் பிடித்து வைத்திருந்து, இன்ஜின் இழுக்கத் தொடங்கியதும் விட்டுவிடும். உங்கள் வலது கால் செய்யப்போகிற அதே வேலை, அதே வரிசையில்.

கடைசியாக, ஸ்கூட்டருக்கே திரும்பிவிடட்டுமா என்று கேட்டீர்கள். பிடித்திருந்தால் தாராளமாகப் போகலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தச் சாய்தளத்துக்குப் பயந்து போக வேண்டாம். நான் கேட்டுக்கொள்வது வேறு. அடுத்த மூன்று வாரம் அந்த ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட்டினால், இடக்கைப் பிடி பிரேக்கா கிளட்சா என்பதை உங்கள் கை தீர்மானித்து முடிக்கவே முடியாது. மூன்று வாரம் கழித்து இரண்டையும் ஓட்டலாம். அப்போதும் பைக்கில் ஏறி உட்கார்ந்தவுடன், சாவியைத் திருப்புவதற்கு முன், வலது காலால் பின் பிரேக் பெடலை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். இன்றைக்குப் பிரேக் எங்கே இருக்கிறது என்று காலுக்கு ஞாபகப்படுத்தத்தான். நான் ஸ்கூட்டரும் பைக்கும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவன், இன்று காலையிலும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.